மரே புவாத்வேன் சதுப்பில் சைக்கிள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் மேற்குப் பகுதியில், நியோர் நகரத்துக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவே சுமார் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு விரிந்து கிடக்கிறது மரே புவாத்வேன் சதுப்பு நிலம். அந்த நாட்டில் இதைவிடப் பெரிய ஈரநிலம் தெற்கே உள்ள கமார்க் ஒன்றுதான். கிழக்குப் பகுதிக்கு ‘பச்சை வெனிஸ்’ என்று பெயர் வைத்து விளம்பரம் செய்கிறார்கள். பாரிஸிலிருந்து நியோருக்கு அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம்தான் என்பதால், வார இறுதியில் சைக்கிளோடு கிளம்பிவிடுபவர்கள் ஏராளம். அவர்களில் பலர் ஒரு கிராமம், ஒரு படகு, நாலு போட்டோ என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இவ்வளவு பெரிய சரித்திரத்தின் மேலேயே சைக்கிள் ஓட்டிக்கொண்டு அதைப் பார்க்காமல் வருவது பெரிய இழப்பு.

இதை வெறும் இயற்கைக் காட்சியாக நினைப்பது

மற்றத் தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன. இங்கே கண்ணில் படும் ஒவ்வொன்றும், கால்வாய், கரை, புல்வெளி, கரையோர மரம் வரை, மனிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் செய்த வேலை.

ரோமானியர் காலத்தில் இது கடல். உள்நாட்டுக்குள் ஆழமாகப் புகுந்த ஒரு வளைகுடா. நடுவில் ஆங்காங்கே சுண்ணாம்புப் பாறைத் தீவுகள். ஆறுகளும் அலைகளும் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் வளைகுடா மெல்ல மெல்லத் தூர்ந்து சேறானது. அந்தத் தீவுகளிலும் கரையோரங்களிலும் மடாலயம் கட்டிக் குடியேறிய துறவிகள்தான் முதலில் கரை போட்டு, வடிகால் வெட்டி நிலத்தை மீட்டார்கள். 1217-இல் ஐந்து மடாலயங்களின் தலைவர்கள் ஒன்றுசேர்ந்து வெட்டிய ‘ஐந்து மடாதிபதிகள் கால்வாய்’ இன்றும் இருக்கிறது. இங்கிலாந்தோடு நடந்த நூறாண்டுப் போரிலும், பிறகு கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் நடந்த மதப் போர்களிலும் கரைகள் கவனிப்பாரற்றுச் சிதைந்தன. 1599-இல் நான்காம் ஹென்றி மன்னர் ஓர் ஆணை பிறப்பித்து, கரை கட்டுவதில் தேர்ந்த ஹம்ஃப்ரி பிராட்லியை நெதர்லாந்துப் பக்கமிருந்து வரவழைத்தார். அதற்கடுத்து 17-ஆம் நூற்றாண்டில் வெட்டிய கால்வாய் ஒன்றுக்கு ‘டச்சுக்காரர் வளையம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இந்த வேலையின் பலனாகச் சதுப்பு இரண்டானது. கடலை ஒட்டிய மேற்குப் பகுதி உலர் சதுப்பு. உயரமான கரைகள் ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் ஆற்று வெள்ளத்தையும் தடுக்க, உள்ளே நீளநீளமான வயல்களும் நேர்கோட்டுக் கால்வாய்களுமாகக் கிடக்கும். கிழக்கே நியோர் பக்கம் இருப்பது ஈரச் சதுப்பு. உலர் சதுப்புக்குள் நுழைய முடியாத மழைக்கால வெள்ளத்தை வாங்கிக்கொள்வது இதுதான். கடல் முகத்தில் மதகுகள். கடலில் நீர் ஏறும்போது அதன் அழுத்தத்திலேயே கதவு மூடிக்கொள்ளும். வற்றும்போது உள்ளே தேங்கிய நன்னீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். மதகின் மேலே கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் மொத்த ஏற்பாடும் பிடிபட்டுவிடும்.

சைக்கிள்காரருக்கு இது ஏன் முக்கியம்? ஈரச் சதுப்பில் நிழல் உண்டு, காற்று குறைவு, பாதை வளைந்து வளைந்து போகும். வரைபடத்தில் பத்து கிலோமீட்டர் என்று தெரிவதைக் கடக்க நினைத்ததைவிட இரு மடங்கு நேரம் பிடிக்கும். உலர் சதுப்பில் வேகமாகப் போகலாம், ஆனால் தலைக்கு மேலே மறைவே கிடையாது. அப்புறம் இன்னொன்று: தட்டை நிலத்தில் மிதித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு மேடு வந்து கியரைக் குறைக்க வேண்டி வருகிறதா? பழைய தீவு ஒன்றில் கரையேறுகிறீர்கள். மாயெசே, மரான், ஷயே-லே-மரே எல்லாம் அப்படிப்பட்ட தீவு ஊர்கள்தான். ஷயேயில் பழைய கடலோரப் பாறைச் சரிவு இன்றும் தெரிகிறது. அதன் கீழே இப்போது இருப்பது வயல்.

கூலோனோடு திரும்பிவிடுவது

நியோரிலிருந்து செவ்ர் நியோர்தேஸ் ஆற்றோரமாக வந்தால் சுமார் பதினொரு கிலோமீட்டரில் கூலோன். அழகான ஊர், சதுப்பின் அருங்காட்சியகமும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஆகஸ்ட் மாத நண்பகலில் படகுத்துறையில் கூட்டம் நெருக்கியடிக்கும். காலையில் சீக்கிரமாக அங்கே போய்விடுங்கள். அருங்காட்சியகம் திறந்ததும் பார்த்துவிட்டு, தெற்கே லா காரெத், பிறகு மேற்கே அர்செ பக்கம் நகர்ந்துவிடுங்கள். லா காரெத்தில் வீடுகளுக்கு முன்வாசல் தெருவில், பின்வாசல் தண்ணீரில். அர்செயில் பழைய சரக்குத் துறை அப்படியே இருக்கிறது. அதற்கும் மேற்கே தாம்வி வரை போனால் கூட்டம் நன்றாகக் குறைந்துவிடும்.

சைக்கிளில் வந்தாயிற்று, படகு எதற்கு என்று நினைப்பதும் தவறு. இங்கே பல புல்வெளிகளுக்குப் பாலமே கிடையாது. அந்தக் காலத்தில் மாடுகளையே தட்டைப் படகில் ஏற்றித்தான் மேய்ச்சலுக்குக் கொண்டுபோனார்கள். நீங்களே துடுப்புப் போடும் படகும் கிடைக்கும். ஆனால் முதல் தடவை படகோட்டியோடு போவதே நல்லது என்பது என் கருத்து. எந்தத் தோட்டம் யாருடையது, எந்தக் கால்வாய் எதற்கு வெட்டியது என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார். நடுவில் நிறுத்தி, நீண்ட கோலால் அடிச்சேற்றைக் கிளறிவிடுவார். குமிழி குமிழியாக மேலே வரும் மீத்தேனில் தீக்குச்சியைக் காட்டினால் தண்ணீரின் மேல் ஒரு நொடி தீ ஓடும்.

காற்றையும் வெள்ளத்தையும் கணக்கில் எடுக்காதது

‘மேடு பள்ளமே இல்லை, ஒரே நாளில் கடல் வரை போய்விடலாம்’ என்று கிளம்புபவர்களை மடக்குவது எதிர்காற்றுதான். இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து, அட்லாண்டிக்கிலிருந்து காற்று வீசும். கோடை மதியங்களில் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். மரானுக்கு மேற்கே ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத வெளியில் இதைத் தாங்கிக்கொண்டு மிதிப்பது ஏற்றத்தில் மிதிப்பதைவிடக் கடினம், ஏனென்றால் ஏற்றம் முடியும், காற்று முடியாது.

வழி எளிது: பயணத்தைத் திருப்பிப் போடுங்கள். லா ரொஷேலில் ரயில் இறங்கி, கால்வாய்க் கரையோரமாகச் சுமார் 25 கிலோமீட்டரில் மரான் வந்து, அங்கிருந்து கிழக்கே நியோரை நோக்கிப் போனால் பெரும்பாலான நாட்களில் காற்று முதுகைத் தள்ளும். நார்மண்டியிலிருந்து லா ரொஷேல் வரை வரும் ‘வெலோ பிரான்செத்’ நெடுவழி நியோர், கூலோன், மரான் வழியாகத்தான் போகிறது. அதை அப்படியே எதிர்த்திசையில் பிடித்துக்கொள்ளலாம். கிளம்பும் முன் அன்றைய காற்று முன்னறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், சில நாட்கள் கிழக்குக் காற்றும் அடிக்கும்.

வெள்ளம் வேறு விஷயம். குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் ஈரச் சதுப்பின் தாழ்ந்த பாதைகள் தண்ணீருக்கடியில் போவது ஆண்டுதோறும் நடப்பதுதான். அந்த நிலம் அதற்காகவே விடப்பட்டது என்று மேலே பார்த்தோம். ‘வெள்ளம் சூழ்ந்த சாலை’ என்று பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள். கணுக்கால் அளவுதானே என்று இறங்கினால், பாதை எங்கே முடிகிறது, ஓரத்துக் கால்வாய் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. சைக்கிளுக்கு மே முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். எனக்குப் பிடித்தவை ஜூனும் செப்டம்பரும்.

மடாலயங்களை ‘இடிந்த சுவர்தானே’ என்று கடந்துபோவது

கூலோனிலிருந்து மாயெசே அரைநாள் சைக்கிள் தூரம். ஊருக்கு வெளியே நிற்கும் புனித பேதுரு மடாலயத்தில் தேவாலயத்தின் வடக்குச் சுவரும் குறுக்குக் கூடத்தின் ஒரு பகுதியும் ஆகாயத்தைப் பார்த்து நிற்கின்றன. டிக்கெட் கவுன்டர் வரை வந்துவிட்டு, வேலிக்கு வெளியிலிருந்தே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் பலர். உள்ளே போங்கள்.

11-ஆம் நூற்றாண்டில் அக்வித்தேன் பிரபுக்களின் ஆதரவில் வளர்ந்த மடம் இது. 1317-இல் ஆயரின் இருக்கையாக உயர்ந்து, அந்தத் தேவாலயம் பேராலயமானது. 1520-களில் எழுத்தாளர் ரபெலே இங்கே ஆயர் ஜொஃப்ருவா தெஸ்திசாக்கின் ஆதரவில் இருந்தார். அதே நூற்றாண்டின் இறுதியில் புராட்டஸ்டன்டு கவிஞரும் போர்வீரருமான அக்ரிப்பா தோபிஞே இதைப் பிடித்துக் கோட்டையாக்கினார். 1648-இல் ஆயரின் இருக்கை லா ரொஷேலுக்குப் போய்விட்டது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு ஏலம் போய், கட்டடமே கல் குவாரியாகிவிட்டது. அந்தக் கற்கள் எங்கே போயின என்று ஊரில் கேட்க வேண்டியதில்லை, சுற்றியுள்ள பழைய வீட்டுச் சுவர்களைப் பார்த்தாலே போதும். உள்ளே நிலவறைகளும் துறவிகள் சாப்பிட்ட கூடமும் தப்பி நிற்கின்றன. மதிலின் ஓரம் நின்று கீழே பாருங்கள். சதுப்பு அங்கேதான் தொடங்குகிறது. கடல் இருந்த காலத்தில் படகுகள் எங்கே வந்து ஒதுங்கியிருக்கும் என்பதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடலாம்.

அங்கிருந்து வடகிழக்கே நியல்-சூர்-லோதீஸ். மாயெசே இழந்ததெல்லாம் இங்கே முழுசாக இருக்கிறது. 1068-இல் தொடங்கிய மடம். நான்கு பக்கமும் கூரையோடு நிற்கும் ரோமனெஸ்க் (அரைவட்ட வளைவுகள் கொண்ட இடைக்காலப் பாணி) முற்றம் மேற்கு பிரான்சில் மிக அரிது. அக்வித்தேன் பிரபுக்களின் வாரிசும் பிரான்சின் அரசியுமான எலியனோரின் தாய் இங்கே புதைக்கப்பட்டார் என்பது மரபு. 1141-இல் எலியனோரின் கணவரான ஏழாம் லூயி மன்னர் இதை அரச மடமாக அறிவித்தார். இரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்ப்பதாக இருந்தால் முதலில் மாயெசே, பிறகு நியல். சிதைந்ததைப் பார்த்த கண்ணுக்குத்தான் முழுசாக நிற்பதன் மதிப்பு தெரியும்.

திறந்திருக்கும் நேரத்தைப் பார்க்காமல் கிளம்புவது இந்தப் பகுதியில் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. பருவத்துக்கு ஏற்ப நேரம் மாறும், குளிர்காலத்தில் சில இடங்கள் மூடியே இருக்கும். சேன்-மிஷேல்-ஆன்-லேர்ம் மடம் தனியாருடையது என்பதால் குறிப்பிட்ட நாட்களில்தான் உள்ளே விடுவார்கள். செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் வரும் பாரம்பரிய நாட்களில், மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் கதவுகள் பலவும் திறக்கும். மேற்கே போகிறவர்கள் லூசோன் பேராலயத்தைத் தவற விட வேண்டாம். பின்னாளில் பிரான்சையே ஆட்டிவைத்த ரிஷலியூ இளம் வயதில் ஆயராக இருந்த ஊர் அது.

கரையை மதிக்காதது

கோடையில் கால்வாயின் மேல் சின்னச்சின்னப் பச்சை இலைகள் இடைவெளியில்லாமல் மிதக்கும். வேகமாக வரும்போது அது தரையா தண்ணீரா என்றே தெரியாது. குழந்தைகளோடு வருபவர்கள் இதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

கரை விளிம்பில் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தவும் வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து பெருகிவிட்ட ரகோந்தான் என்ற கொறிக்கும் விலங்கு கரைக்குள் வளை தோண்டியிருக்கும். மேலே புல், கீழே பொந்து. இந்தக் கரைகளைப் பிடித்து வைத்திருப்பவை தலை வெட்டி வளர்த்த ஆஷ் மரங்களின் வேர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளை வெட்டி விறகாக்குவார்கள். தண்டு குட்டையாகத் தடித்து நிற்கும். இப்போது ஒரு பூஞ்சை நோய் இந்த மரங்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. கரையே அவற்றை நம்பித்தான் நிற்கிறது என்பதால், பார்க்கவே மனசு கனக்கிறது. காற்று பலமாக அடிக்கும் நாளில் பட்டுப்போன மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம். புல்வெளிகள் தனியார் நிலம்; மாட்டுக் கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள்.

டயர் விஷயத்தில், பந்தய சைக்கிளின் மெல்லிய டயர் இங்கே உதவாது. மழை பெய்த மறுநாள் அந்த நீலச் சாம்பல் களிமண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். கொஞ்சம் அகலமான டயர், கையோடு ஒரு ட்யூப், ஒரு குச்சி, இவை போதும்.

சோறும் ரயிலும்

கிராமங்களில் கடை மதியம் மூடிவிடும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல இடங்களில் எதுவுமே திறந்திருக்காது. உணவகத்தில் மதியச் சாப்பாடு 12 முதல் 2 மணி வரைதான். இரண்டரைக்குப் போய் நின்றால் ஒன்றும் கிடைக்காது. காலையிலேயே ரொட்டியும் பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மோஜெத் என்ற வெள்ளைப் பயறு இந்த ஊரின் பெருமை, ஆனால் பெரும்பாலும் பன்றி இறைச்சியோடு பரிமாறுவார்கள். சைவம் என்றால் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கால்வாய் ஓரம் மாலையில் கொசு பிடுங்கும். இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேலங்கி பிரான்சில் சட்டப்படி கட்டாயம், விளக்கும் அப்படித்தான். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம். அதிவேக ரயிலில் சைக்கிளைக் கழற்றாமல் ஏற்ற வேண்டுமானால் அதற்கெனத் தனியாக இடம் முன்பதிவு செய்ய வேண்டும், எல்லா வண்டியிலும் அந்த வசதி கிடையாது. கோடை வார இறுதிகளில் அந்த இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்கவில்லையென்றால், கழற்றி 130 × 90 சென்டிமீட்டருக்குள் அடங்கும் பையில் போட்டுச் சாமானாகக் கொண்டுபோகலாம்; அதுவும் தொல்லை என்றால் கூலோனிலோ அர்செயிலோ வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.