அம்மாவின் ழ: பட்டாளத்து ரெக்கார்டில் மனைவி பெயரைத் திருத்துவது எப்படி

அம்மாவின் பெயரில் ஒரு ழ இருக்கிறது. 1986இல் அப்பாவின் கல்யாணத்தைப் பதிவு செய்த கிளார்க்குக்கு அந்த எழுத்து பழக்கமில்லை போலும். காதில் விழுந்ததை வைத்து ஆங்கிலத்தில் ஒரு எல் போட்டு முடித்துவிட்டார். ஆதார், பான், வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் இசட் ஹெச். பட்டாளத்துக் காகிதத்தில் மட்டும் எல். பிறந்த தேதி இருக்க வேண்டிய இடமோ காலி.

அப்பா 1978இல் சேர்ந்து 2002இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இத்தனை வருடமாக பென்ஷன் ஒழுங்காக வந்ததால் யாரும் இதைக் கவனிக்கவில்லை. பென்ஷன், பாதுகாப்புத் துறையின் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷுக்கு மாறியபோதுதான் விவரங்களைச் சரிபார்க்க உட்கார்ந்தேன், கண்ணில் பட்டது. அப்பாவோ, "நான் இருக்கிறவரை எனக்கு வரும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அந்த அப்புறத்தில் ஓடப் போவது அம்மா என்பதுதான் பிரச்சினை. குடும்ப பென்ஷன் கேட்டு நிற்கும்போது பெயர் பொருந்தவில்லை என்றால், கையெழுத்துப் போட்டு உறுதி சொல்ல வேண்டிய ஆள் இருக்கமாட்டார். பிறந்த தேதிக்கும் வேலை இருக்கிறது. குடும்ப பென்ஷன் வாங்குபவருக்கு 80 வயது முடிந்தால் 20 சதவீதம் கூடுதல், 85இல் 30, 90இல் 40, 95இல் 50, 100இல் இரட்டிப்பு. வயதுக்கு ஆதாரம் ரெக்கார்டில் இல்லையென்றால் அது தானாக ஏறாது.

இதை முடிக்க எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆனது. அதில் பாதி என் தப்பால் போனது. அந்தப் பாதியை நீங்கள் மிச்சப்படுத்திக்கொள்ளலாம். நான் சொல்வது தரைப்படையில் ஜவான் முதல் சுபேதார் மேஜர் வரை இருந்தவர்களுக்கு. அதிகாரிகளுக்கும் கடற்படை, விமானப்படைக்கும் போக வேண்டிய அலுவலகங்கள் வேறு.

தப்பு எங்கே பிறந்தது என்று பாருங்கள்

எல்லோரும் நேராக ஸ்பர்ஷில் போய்த் திருத்தப் பார்க்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஸ்பர்ஷ் ஒரு கண்ணாடி மாதிரி. முகத்தில் கறை இருந்தால் கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை.

மூன்று காகிதங்களை வரிசையாக வையுங்கள்: ஓய்வின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக், பழைய பிபிஓ (பென்ஷன் வழங்கும் உத்தரவு), ஸ்பர்ஷில் இறக்கிய புது பிபிஓ. முதல் இரண்டும் சரி, ஸ்பர்ஷில் மட்டும் தப்பு என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. விவரங்களை மாற்றி ஏற்றும்போது நடந்த தட்டச்சுப் பிழை அது. ஸ்பர்ஷிலேயே கோரிக்கை போட்டு, பழைய பிபிஓவை இணைத்தால் போதும். மிச்சத்தைப் படிக்க வேண்டியதில்லை.

டிஸ்சார்ஜ் புக்கிலேயே தப்பு என்றால், அவருடைய பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸ் திருத்தாமல் வேறு யாரும் திருத்த முடியாது. பட்டாளத்தில் ஒருவருக்குக் கல்யாணமோ குழந்தையோ பதவி உயர்வோ, பார்ட் டூ ஆர்டர் எனும் அலுவலக உத்தரவில் ஏறினால்தான் அது நடந்ததாகக் கணக்கு. நாம் கேட்பது அந்த ஆர்டரில் ஒரு திருத்தம். அது வெளியானபின் பிரயாக்ராஜில் இருக்கும், பாதுகாப்புக் கணக்குத் துறையின் பிசிடிஏ பென்ஷன் அலுவலகம் திருத்திய பிபிஓ போடும். அதைப் பட்டாளத்துக்காரர்கள் கார் பிபிஓ என்பார்கள். நான் முதலில் ஏதோ வாகனக் கடன் என்று நினைத்தேன். கொரிஜெண்டம் என்பதன் சுருக்கமாம்.

எந்த ரெக்கார்டு ஆபீஸ்?

அவர் கடைசியாக வேலை பார்த்த ஊரை வைத்து இதைத் தேடாதீர்கள். அவருடைய ரெஜிமெண்ட் அல்லது கோர் எது என்பதுதான் கணக்கு. மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் குன்னூர் பக்கத்தில் வெலிங்டன். எம்இஜி என்கிற மதராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரு. ஆர்ட்டிலரி நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், இஎம்இ (மின், இயந்திரப் பொறியாளர் பிரிவு) செகந்திராபாத், ஏஎம்சி (மருத்துவப் பிரிவு) லக்னோ. ஓய்வுக்குப்பின் பாதுகாப்புத் துறையின் காவல் பிரிவான டிஎஸ்சியில் சேர்ந்து இரண்டாவது பென்ஷனும் வாங்குபவர் என்றால், அந்த சர்வீஸுக்கான ரெக்கார்டு கண்ணூரில். அவர்களுக்கு இரண்டு இடத்திலும் திருத்தம் தேவைப்படும்.

நம்பரில் கவனம். ராணுவ எண்ணின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், அதை விடக்கூடாது. நாயப் சுபேதாராகி, ஜேசி என்று தொடங்கும் புது எண் வாங்கியவர்கள், அதற்கு முன்பிருந்த பழைய எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். கல்யாணம் பதிவானபோது பழைய எண்தானே இருந்திருக்கும்.

ரெக்கார்டில் என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள்

டிஸ்சார்ஜ் புக்கில் இருப்பதுதான் ரெக்கார்டிலும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். எங்கள் விஷயத்தில் டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு ஸ்பெல்லிங், பார்ட் டூ ஆர்டரில் வேறொன்று. இரண்டுமே தப்பு, இரண்டும் வேறு வேறு தப்பு.

தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) ஒரு விண்ணப்பம் போடுங்கள். அப்பாவின் பெயரிலேயே போட வேண்டும், உங்கள் பெயரில் போட்டால் மூன்றாம் நபர் தகவல் என்று தள்ளிவிடலாம். கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். "என் திருமணம் பற்றிய பார்ட் டூ ஆர்டரின் நகலும், ஷீட் ரோலில் குடும்ப விவரம் உள்ள பக்கத்தின் நகலும் வேண்டும்" என்று இரண்டே வரி. ஏன், எதற்கு என்றெல்லாம் கதை எழுத வேண்டாம். ஆன்லைனிலும் போடலாம். நான் போஸ்டல் ஆர்டர் வைத்துத் தபாலில்தான் அனுப்பினேன். அப்பாவுக்குக் கையில் ரசீது இருந்தால்தான் தூக்கம் வரும்.

நான் விழுந்த இடம்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

நாம் பேச்சில் "பேரை மாத்தணும்" என்போம். நானும் அதே நினைப்பில், விண்ணப்பத்தின் தலைப்பிலும் அஃபிடவிட்டிலும் மனைவியின் பெயர் மாற்றம் என்றே ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து மொத்தக் கட்டும் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம்: பெயர் மாற்றம் என்பதால் அரசிதழ் அறிவிப்பும், இரண்டு நாளிதழ்களில் விளம்பரமும் இணைக்கவும்.

அம்மா பெயரை மாற்றிக்கொள்ளவே இல்லையே! பிறந்ததிலிருந்து ஒரே பெயர்தான். மாற்றி எழுதியது அவர்கள். ஆனால் தலைப்பில் மாற்றம் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கும்போது அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. மாற்றம் வேறு, திருத்தம் வேறு. ஆளே தன் பெயரை வேறாக்கிக்கொள்வது மாற்றம். எழுதியவர் தப்பாக எழுதியதைச் சரி செய்வது திருத்தம். இரண்டுக்கும் கேட்கும் காகிதங்கள் வேறு.

இரண்டாவது தப்பு, அஃபிடவிட்டில் சரியான பெயரை மட்டும் எழுதியிருந்தேன். தப்பான பெயரை எதற்கு மறுபடி எழுதுவது என்ற நினைப்பு. ஆனால் அங்கே மேஜையில் இருப்பவருக்கு, தன் பதிவேட்டில் உள்ள பெண்ணும் நாம் சொல்லும் பெண்ணும் ஒருவர்தானா என்பதுதான் கேள்வியே. கல்யாணம் இரண்டாகிவிட்டதோ என்ற சந்தேகம் அவருக்கு வருவது நியாயம்தான். அதனால் தப்பான ஸ்பெல்லிங்கை, அது எப்படி இருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்துகூட அழகுபடுத்தாமல் எழுதுங்கள். ஆர்டிஐ நகல் வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

இரண்டாவது முறை அப்பா கொடுத்த அஃபிடவிட்டின் சாரம் இது. ஆங்கிலத்தில் டைப் அடியுங்கள்.

ராணுவ எண், ரேங்க், பெயர் கொண்ட நான், இன்ன தேதியில் இன்னாரை மணந்தேன். பார்ட் டூ ஆர்டரில் என் மனைவியின் பெயர் இப்படியும், டிஸ்சார்ஜ் புக்கில் இப்படியும் பதிவாகியுள்ளது. ஆதார், பான், பள்ளிச் சான்றிதழ்படி சரியான பெயர் இது. இந்த மூன்று பெயர்களும் ஒரே நபரைக் குறிக்கின்றன. இது பதிவில் ஏற்பட்ட எழுத்துப் பிழை. என் மனைவி எப்போதும் பெயரை மாற்றிக்கொண்டதில்லை. பதிவில் விடுபட்ட பிறந்த தேதி இது. எனக்கு வேறு மனைவி இல்லை.

கடைசி வரியைப் படித்துவிட்டு அம்மா சிரித்த சிரிப்பு தனிக்கதை.

நோட்டரியா, முதல் வகுப்பு நீதித்துறை நடுவரா என்பது ரெக்கார்டு ஆபீஸுக்கு ரெக்கார்டு ஆபீஸ் வேறுபடுகிறது. என் யோசனை: நடுவர் முன் எடுப்பது ஒரு நாள் அலைச்சல்தான், அதையே எடுத்துவிடுங்கள். நோட்டரி போதும் என்ற இடத்தில் அதைத் தள்ளமாட்டார்கள். நோட்டரியை நடுவர் கேட்கும் இடத்துக்கு அனுப்பினால் இன்னொரு மூன்று மாதம்.

கட்டுக்குள் என்னென்ன

விண்ணப்பம், அஃபிடவிட் அசல், டிஸ்சார்ஜ் புக் நகல், இரண்டு பிபிஓ நகல், கணவன் மனைவி இருவரின் ஆதார், பான், சேர்ந்து எடுத்த போட்டோ, பிறந்த தேதிக்கு பள்ளிச் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்றிதழ். எல்லா நகலிலும் அப்பாவின் கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் ராணுவ எண்ணை எழுதுங்கள். கட்டு பிரிந்தாலும் தாள் அனாதையாகாது.

இந்தக் கட்டை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டி, அவர்கள் மேலொப்பத்துடன் அனுப்புவது நல்லது. நாங்கள் முதல் முறை அங்கே போகாமலே அனுப்பினோம். இரண்டாம் முறை போனபோது, கவுண்டரில் இருந்தவர் தலைப்பைப் பார்த்த மாத்திரத்தில் "திருத்தம்னு போட்டிருக்கீங்க, சரி" என்றார். முதல் முறையே போயிருக்கலாம்.

பொருள்கள் பற்றி என் பிடிவாதங்கள்: டிஸ்சார்ஜ் புக்கை லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் அதில் ஏதாவது எழுத வேண்டி வரலாம். செல்போன் ஸ்கேன் ஆப் எதுவும் பழைய மஞ்சள் தாளுக்கு உதவாது. ஜெராக்ஸ் கடை ஸ்கேனரில் கலரில் எடுங்கள். ஸ்பர்ஷை போனில் திறந்து மல்லுக்கட்ட வேண்டாம், கம்ப்யூட்டரில் திறங்கள். அனுப்புவது ஸ்பீட் போஸ்ட் மட்டும். கன்டோன்மெண்ட் வாசலில் தனியார் கூரியர் நிற்கும். தபால்காரர் உள்ளே போவார்.

ஆதாரை மாற்றிவிட்டால் என்ன?

டீக்கடையில் எல்லோரும் சொல்லும் குறுக்கு வழி இது. பிபிஓவில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரைத் திருத்திவிடு, ஒரே நாளில் முடிந்தது. செய்யாதீர்கள். அப்புறம் பான், வங்கி, வீட்டுப் பத்திரம் எல்லாம் ஒவ்வொன்றாக இடிக்கும். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. அந்த வாய்ப்பை ஒரு கிளார்க்கின் எல்-லுக்காகச் செலவழிப்பதா?

ஒரு விதிவிலக்கு உண்டு. படைவீரரின் சொந்தப் பிறந்த தேதி. சேரும்போது எழுதியதுதான் கடைசிவரை. ஓய்வும் பென்ஷனும் அதை வைத்தே கணக்கிடப்பட்டதால், பிந்தி வரும் கோரிக்கைகளை நீதிமன்றங்களே பொதுவாக ஏற்பதில்லை. அந்த ஒன்றில் மட்டும் ஆதாரை பட்டாளத்துக்கு ஏற்பத் திருத்த வழி பாருங்கள்.

அனுப்பியபின்

இரண்டு மாதம் பொறுங்கள். பதில் இல்லையென்றால் முதல் கடிதத்தின் தேதியையும் ஸ்பீட் போஸ்ட் எண்ணையும் குறிப்பிட்டு நினைவூட்டல். அதற்கும் அசையவில்லையென்றால் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸில் புகார். புகார் என்றதும் வம்பு வளர்க்காதீர்கள், "இன்ன தேதி விண்ணப்பத்தின் நிலை என்ன" என்று கேட்டால் போதும். மறுத்து எழுத்தில் பதில் வந்தால் ராணுவத் தீர்ப்பாயம் இருக்கிறது, அதன் அமர்வு ஒன்று சென்னையிலேயே உண்டு. எழுத்துப் பிழைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வராது.

கார் பிபிஓ ஸ்பர்ஷில் வந்ததும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள், பிறகு இசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டையும் கேன்டீன் கார்டையும் மாற்றுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்காதீர்கள்.

பின்சேர்க்கை 1: வட ஆற்காடு என்று முகவரி இருக்கிறதே, அதையும் திருத்த வேண்டுமா என்று வேலூர்ப் பக்கத்து நண்பர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். அது பிழையே இல்லை. சேர்ந்தபோது அதுதான் மாவட்டம். 1989இல் அது பிரிந்தது, 2019இல் வேலூரும் மூன்றானது. இப்போதைய முகவரியை ஸ்பர்ஷில் புதுப்பித்தால் போதும், பழைய பதிவைத் தொட வேண்டாம்.

பின்சேர்க்கை 2: பென்ஷன் இல்லாமல் இடையில் வந்துவிட்டவர்களின் ஆவணங்களை 25 வருடம் கழித்து அழித்துவிடுவது வழக்கம். லாங் ரோல் எனும் பேரேட்டில் ஒரு வரி மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்டவர்கள் திருத்தம் கேட்கும் முன், அந்த வரியின் நகலை ஆர்டிஐயில் கேளுங்கள்.

பின்சேர்க்கை 3: கணவர் ஏற்கெனவே இறந்துவிட்டார், நாங்கள் இப்போதுதான் பார்க்கிறோம் என்று ஒரு மகள் எழுதியிருந்தார். வழி அடைக்கவில்லை. விண்ணப்பமும் அஃபிடவிட்டும் அம்மாவின் பெயரில் போகும், இறப்புச் சான்றிதழும் சேரும். "எனக்கு வேறு மனைவி இல்லை" என்ற வரிக்குப் பதிலாக, மறுமணம் செய்யவில்லை என்று எழுத வேண்டும். முதலில் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள், தபாலில் தொடங்காதீர்கள். போகும்போது கணவரின் டிஸ்சார்ஜ் புக் அசல் கையில் இருக்கட்டும். இரும்புப் பெட்டியின் அடியில், பழைய யூனிஃபார்முக்குக் கீழேதான் பெரும்பாலும் இருக்கும்.