ஊத் வுட்டா, டஸ்கன் லெதரா? வாங்கும் முன் சறுக்கும் இடங்கள்

டாம் ஃபோர்டு நிறுவனத்தின் வாசனைத் திரவியங்களான ஊத் வுட், டஸ்கன் லெதர் இரண்டுமே 2007-இல் வந்தவை. எதை வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் பலர், பெயரை வைத்தே பாதி முடிவு எடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். முதல் சறுக்கல் அங்கேதான்.

ஊத், அதாவது அகில், என்றதும் வளைகுடாக் கடைகளில் சின்னக் குப்பியில் விற்கும் எண்ணெய் ஞாபகம் வரும். மாட்டுத்தொழுவ வாடை கலந்த, மூக்கில் அறையும் சரக்கு. ஊத் வுட் அந்த ரகமே இல்லை. ஏலக்காய், சந்தனம், கடைசியில் லேசான இனிப்பு என்று சாதுவாகப் போகும். ஊரைக் கூட்டுவது டஸ்கன் லெதர்தான். குங்குமப்பூவும் ராஸ்பெர்ரியும் தோலும் சேர்ந்து, புதுத் தோல் பையின் ஜிப்பைத் திறந்து முகத்தை உள்ளே விட்ட மாதிரி இருக்கும். ஆர்ப்பாட்டமான ஊத்துதான் வேண்டும் என்றால் இந்த இரண்டிலும் அது கிடைக்காது.

அடுத்தது, கடையில் தரும் காகிதப் பட்டையை நம்புவது. முதல் கால் மணி நேரத்தில் வருவது சீக்கிரம் பறந்துவிடும் வாசம். உங்களோடு அலுவலகம் வரப்போவது அதற்கு அப்புறம் மிஞ்சுவது. இடது முழங்கையின் உட்புறம் ஒன்று, வலதில் ஒன்று அடித்துக்கொண்டு வெளியே போய் ஒரு டீ குடியுங்கள். அரை மணி கழித்து ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை முகர்ந்து பாருங்கள். எனக்குக் கடையில் பிடித்தது டஸ்கன் லெதர். மாலையில் மறுபடி மறுபடி மூக்கு போனது மற்றக் கைக்கு.

நடுவில் காபிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்பார்கள். வெளிக்காற்றே போதும்.

அப்புறம் அளவு. 'வாசனையே தெரியலையே' என்று மேலும் மேலும் அடிக்காதீர்கள். நம் மூக்கு பழகிவிடுகிறது, பக்கத்தில் இருப்பவர் மூக்கு பழகுவதில்லை. ஒருமுறை டஸ்கன் லெதரை ஐந்து தடவை அடித்துக்கொண்டு ஏசி காரில் ஏறினேன். கூட வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியை இறக்கினார். மே மாத வெயிலில்! ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும்.

விலை அதிகம், அதனால் உள்ளே நிஜ அகில் நிறைய இருக்கும் என்ற கணக்கும் வேண்டாம். லெதர் வாசத்துக்குத் தோலைப் பிழிவதில்லை. பிர்ச் மரத் தாரும் ஆய்வகச் சேர்மங்களும் தருவது அது. ஊத் வாசத்தையும் அப்படிக் கட்ட முடியும். பிடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அதற்கும் முதலில் 5 மில்லி டிகேன்ட் (பெரிய குப்பியிலிருந்து சின்னக் குப்பிக்குப் பிரித்து விற்பது) போதும்.