ஸ்னூக்கரில் குறி தவறுவது எங்கே? குறிபார்த்தலிலும் கியூ தேர்விலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பந்து பாக்கெட்டின் ஓரத்தில் இடித்துத் திரும்பும்போது ஆட்டக்காரர் முதலில் தம் குறியைக் குறை சொல்வார். சில வாரங்கள் அப்படியே தொடர்ந்தால் பழி பந்தை அடிக்கும் கோலான கியூவின் மேல் விழும். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். குறி சரியாக இருந்தும் கியூ நேராகப் போகாததால் தவறும் பந்துகள் ஒரு வகை. கியூ நேராகப் போயும் குறியே பிசகியிருந்ததால் தவறும் பந்துகள் வேறு வகை. எது எது என்று பிரித்தறியாமல் பயிற்சியை மாற்றுவதும் கியூவை மாற்றுவதும்தான் நான் அதிகம் காணும் தவறு. நானே சில ஆண்டுகள் விடாமல் செய்த தவறும் அதுதான்.

பிரித்தறிவதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. மேசையின் நடுக்கோட்டில் பழுப்புப் பந்துக்குரிய புள்ளியில், கியூவால் நேரடியாக அடிக்கப்படும் வெள்ளைப் பந்தை வைத்து, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு ஆகியவற்றின் வெற்றுப் புள்ளிகளின் மேலாக உருண்டு செல்லும்படி எதிர்க் குஷனுக்கு (மேசையின் ரப்பர் விளிம்புக்கு) அடித்துவிட்டு, கியூவை நீட்டிய இடத்திலேயே அசையாமல் வைத்திருக்க வேண்டும். பந்து சென்ற கோட்டிலேயே திரும்பி வந்து கியூவின் நுனியிலுள்ள டிப்பைத் தொட்டால் அடி நேரானது. புள்ளிகளின் மேலாகச் சரியாகச் சென்று, குஷனில் பட்ட பிறகு மட்டும் வலப்பக்கம் விலகினால், நாம் அறியாமலே பந்தின் மையத்துக்கு வலப்புறம் அடித்திருக்கிறோம் என்று பொருள். போகும்போதே புள்ளிகளை விட்டு விலகினால், நாம் நின்ற கோடோ கியூ நகர்ந்த பாதையோ கோணலாக இருக்கிறது. இருபது முறை அடித்துப் பார்த்தால் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடும். பாக்கெட்டில் வீழ்த்த வேண்டிய இலக்குப் பந்து ஒன்றும் மேசையில் இல்லாதபோதே வெள்ளைப் பந்து கோணலாகப் போகுமானால், அதுவரை குறியைப் பற்றிக் கவலைப்படுவதில் பயனில்லை.

இந்த ஆட்டம் எவ்வளவு நுட்பத்தைக் கேட்கிறது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். பந்தின் விட்டம் 52.5 மி.மீ.; மூலைப் பாக்கெட்டின் வாய் ஏறத்தாழ 3½ அங்குலம், அதாவது 89 மி.மீ. ஆகவே நடுவில் செல்லும் பந்துக்கு இருபுறமும் கிடைக்கும் இடைவெளி 18 மி.மீ. அளவுதான். நேர்கோட்டு அடியில் வெள்ளைப் பந்து தான் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 1 மி.மீ. தள்ளிப்போய் மோதினால், இலக்குப் பந்து ஒரு பாகைக்குச் சற்று மேல் திரும்பி, 1 மீட்டர் ஓடுவதற்குள் 19 மி.மீ. விலகியிருக்கும், பாக்கெட்டின் தாடையை உரச அது போதும். பந்துகளுக்கு இடையே 2 மீட்டர் இருந்தால், அந்த 1 மி.மீ. என்பது கியூவின் திசையில் வெறும் 0.03 பாகைப் பிசகு. இலக்குப் பந்தைப் பக்கவாட்டில் தொட்டுக் கோணமாகத் திருப்பும் வெட்டடி கூர்மையாக ஆக ஆக அதே 1 மி.மீ. இன்னும் பெரிதாகத் தண்டிக்கும்: அரைப் பந்து மோதலில் (வெள்ளைப் பந்து இலக்குப் பந்தின் பாதியை மறைக்கும்படி மோதுவதில்) 1.3 பாகை, கால் பந்து மோதலில் 1.7 பாகை, 75 பாகை வெட்டில் 4 பாகைக்கும் மேல். மெல்லிய வெட்டடியைத் தவறவிட்டவர் தம் திறமையை நொந்துகொள்வதற்கு முன், அந்த அடியை ஆடத் தேர்ந்தெடுத்த தம் முடிவை நொந்துகொள்ளலாம்.

குறிபார்த்தலில் தொடக்க நிலையினர் எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. பாக்கெட்டுக்கு நேர் எதிரே இலக்குப் பந்தில் எந்தப் புள்ளியைத் தொட வேண்டும் என்பதைச் சரியாகவே கண்டுபிடித்துவிட்டு, வெள்ளைப் பந்தின் மையத்தை அந்தப் புள்ளியை நோக்கியே செலுத்துகிறார்கள். தொடும் புள்ளி வேறு, குறி வைக்கும் புள்ளி வேறு. வெள்ளைப் பந்துக்கும் பருமன் இருப்பதால், அதன் மையம் இலக்குப் பந்தின் நடுக்கோட்டிலிருந்து, தொடும் புள்ளி விலகியிருப்பதைப் போல இரு மடங்கு விலகிச் செல்ல வேண்டும். அரைப் பந்து மோதலை எடுத்துக்கொள்வோம்: தொடும் புள்ளி நடுவிலிருந்து 13 மி.மீ. அளவில் இருக்கும், குறி வைக்க வேண்டிய இடமோ 26 மி.மீ. தள்ளி, பந்தின் விளிம்பிலேயே இருக்கும். இதை அறியாதவர்களின் அடிகள் எப்போதும் தடித்துப் பட்டு, அதாவது வேண்டியதைவிட நடுவுக்கு நெருங்கி மோதி, இலக்குப் பந்து போதிய அளவு திரும்பாமல் பாக்கெட்டைத் தவறும். மோதும் கணத்தில் வெள்ளைப் பந்து எங்கே அமர்ந்திருக்க வேண்டும் என்பதை, இலக்குப் பந்துக்குப் பின்னால், பாக்கெட் கோட்டில், இன்னொரு பந்து ஒட்டி நிற்பதாகக் கற்பனை செய்து, அந்தக் கற்பனைப் பந்தின் மையத்தை நோக்கி அடிப்பதே சரி. முக்கால், அரை, கால் பந்து மோதல்கள் முறையே ஏறத்தாழ 14½, 30, 48½ பாகை வெட்டுகளைத் தரும் என்பதை நினைவில் வைத்திருப்பது நல்ல துணை. ஆனால் மேசையருகே நின்று கோணமானி போலக் கணக்கிடுவது கைக்கு உதவாது.

கணக்கு சொல்லாத ஒன்றும் உண்டு. பந்துகள் மோதும்போது உராய்வு இலக்குப் பந்தைச் சிறிது தன்னோடு இழுத்துச் செல்வதால், கணக்கின்படி மெத்தச் சரியான அடிகூட ஒரு மயிரிழை தடித்துப் போகும். மெதுவாக, சுழற்சியின்றிச் சறுக்கிச் சென்று மோதும் அடிகளில் இது கூடுதலாகத் தெரியும். ஒரே கோணத்தில் வேகமாக அடித்தால் விழும் பந்து, மெல்ல அடித்தால் விழாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி உடலுக்கு வருவோம். என் கருத்தில் பெரும்பாலான பிழைகள் பிறப்பது இங்கேதான். குறி நின்றபடியே முடிந்துவிட வேண்டும். பாக்கெட், இலக்குப் பந்து, வெள்ளைப் பந்து மூன்றையும் பார்த்து அடியின் கோடு எது என்று நிற்கும்போதே தீர்மானித்து, அந்தக் கோட்டின் மேலேயே நடந்து வந்து, வலக்கை ஆட்டக்காரரானால் வலக்காலை அதன்மேல் வைத்து, பிறகு குனிய வேண்டும். பலர் மேசைக்குப் பக்கவாட்டிலிருந்து வந்து குனிந்துவிட்டு, அதன் பிறகு குறி தேடுகிறார்கள். குனிந்த நிலையில் கோடு தவறென்று தோன்றினால், காலும் இடுப்பும் பழைய கோட்டிலேயே இருக்க, கையை மட்டும் நகர்த்திச் சரிசெய்கிறார்கள். கண்ணுக்கு இப்போது குறி சரியாகத் தெரியும். ஆனால் கை நகர விரும்பும் பாதை பழைய கோட்டில்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் எழுந்து நின்று மீண்டும் தொடங்குவதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை. போட்டி நடுவே அப்படி எழுவதற்கு வெட்கப்படுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கியூவை முகவாயின் நடுவே வைக்க வேண்டும் என்பது பாடம் போலச் சொல்லப்படுகிறது. அது எல்லோருக்கும் பொருந்தாது. ஒரு கண் மற்றதைவிட ஓங்கியிருப்பவர்களுக்கு, நடுவில் வைத்த கியூ கோணலாகவே தோன்றும். அவர்கள் அந்தத் தோற்றத்தைத் திருத்த முயன்று நேரான கியூவை வளைத்துவிடுவார்கள். 1927 முதல் 1946 வரை 15 முறை உலகப் பட்டம் வென்ற ஜோ டேவிஸுக்கு வலக்கண் பார்வை பலவீனம். அவர் கியூவை இடக்கண்ணுக்குக் கீழே ஓடவிட்டே ஆடினார். ஓங்கிய கண் எது என்று தெரிந்துகொண்டு, நேர்கோட்டு அடிகள் எந்த இடத்தில் நேராகத் தெரிகின்றனவோ அங்கே கியூவை வைத்துக்கொள்வதே முறை.

அடிக்கும் கணத்தில் கண் எங்கே இருக்க வேண்டும்? இலக்குப் பந்தின் மேல். முன்னோட்ட அசைவுகளின்போது பார்வை இரு பந்துகளுக்கும் இடையே போய்வரலாம். டிப் வெள்ளைப் பந்தின் மையத்தில் இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, கியூவைப் பின்னுக்கு இழுக்கும்போது பார்வை இலக்குப் பந்தில் நிலைத்துவிட வேண்டும். பந்து விழுகிறதா என்று காண்பதற்காகத் தலையை முன்கூட்டியே தூக்குவது, தோளையும் கூடவே தூக்கிக் கியூவைத் திருப்பிவிடும்.

வெள்ளைப் பந்தை மையத்துக்குப் பக்கவாட்டில் அடித்து உண்டாக்கும் சைடு சுழற்சியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வலப்பக்கம் அடித்தால் வெள்ளைப் பந்து முதலில் சிறிது இடப்பக்கம் விலகிப் புறப்பட்டு, பிறகு வழியில் வலப்பக்கம் வளையும். வேகமான அடியில் முதல் விலகல் மிஞ்சும். மெதுவான நீண்ட அடியில் வளைவு மிஞ்சும். மேசைத் துணியின் மயிர் படிந்த திசைக்கு எதிராக ஆடும்போது இந்த நடத்தை வேறுபடவும் செய்யும். ஆகையால், மையத்தில் அடிக்கும் அடிகள் உறுதிப்படாத ஒருவர் சைடு போட்டுக் குறியைக் கற்க முயல்வது, நகரும் அளவுகோலால் அளப்பதற்கு ஒப்பாகும்.

கியூ தேர்வில் முதல் தவறு, மேற்சொன்ன சோதனையில் தேறுவதற்கு முன்பே விலையுயர்ந்த கியூ வாங்குவது. அடி ஒவ்வொரு முறையும் வேறாக இருப்பவருக்கு, எந்தக் கியூ தமக்குப் பொருந்துகிறது என்று தெரிய வழியே இல்லை. 1990 முதல் 1999 வரை ஸ்டீபன் ஹென்ட்ரி வென்ற ஏழு உலகப் பட்டங்களும், சிறுவயதில் கிடைத்த விலை குறைந்த ஒரே கியூவால் வெல்லப்பட்டவை. 2003-இல் விமானப் பயணத்தின்போது அது உடையும் வரை அவர் அதை விடவில்லை.

எடையைப் பற்றிய தவறான எண்ணம் மிகப் பரவலானது. கனமான கியூ பந்தை வேகமாக ஓட்டும் என்று நம்பி நானும் ஒருமுறை வாங்கினேன். மெல்லிய அடிகளின் தொடுகை போயிற்று, வேகமோ கூடவில்லை. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் 17 முதல் 19 அவுன்ஸ் வரை, அதாவது 480 முதல் 540 கிராம் வரை உள்ள கியூக்களையே பயன்படுத்துகிறார்கள். அந்த வரம்புக்குள் எடையைவிட, அது எங்கே குவிந்திருக்கிறது என்பது முக்கியம். ஒரே எடையுள்ள இரண்டு கியூக்களில் ஒன்று முன்பக்கம் கனத்து, கியூவைத் தாங்கும் பிரிட்ஜ் கையில் அமுங்கும்; மற்றது மேலெழும்பி அலையும். பின்முனையிலிருந்து 16 முதல் 18 அங்குலத்துக்குள் சமநிலைப் புள்ளி அமைவது வழக்கம்.

நீளத்தில் விதி கேட்பது 3 அடிக்குக் குறையக் கூடாது என்பது மட்டுமே. நடைமுறையில் 57 அல்லது 58 அங்குலம் பொது அளவு. டிப் வெள்ளைப் பந்தைத் தொடும் நிலையில் முன்கை செங்குத்தாகத் தொங்கி, பிடிக்குப் பின்னால் கியூ சிறிது மிச்சமிருந்தால் நீளம் பொருந்துகிறது. கை நீண்டவர்கள் கடைசி முனையைப் பற்றிக்கொண்டு ஆடுவதும், சிறுவர்கள் பெரியவர்களின் கியூவை நடுவில் பிடித்து ஆடுவதும் முழங்கையின் ஊசலைக் கெடுக்கும்.

ஸ்னூக்கர் கியூவின் டிப் பொதுவாக 9 முதல் 10 மி.மீ.; 12, 13 மி.மீ. டிப் உள்ள, பூல் ஆட்டத்துக்கான கியூக்கள் 57 மி.மீ. பந்துகளுக்காகச் செய்யப்பட்டவை, அவற்றைக் கொண்டு ஸ்னூக்கர் கற்பது வீண். ஆஷ் மரமா மேப்பிள் மரமா என்ற விவாதத்துக்கு நான் அதிக மதிப்புத் தரமாட்டேன். ஆஷில் தெளிவாகத் தெரியும் அம்புக்குறி போன்ற இழைகளை ஒவ்வொரு முறையும் மேல்நோக்கி வைத்தால் கியூ எப்போதும் ஒரே முகமாகக் கையில் இருக்கும் என்பது ஒரு வசதி. அந்த இழைகளே கண்ணை இழுப்பதாக உணர்பவர்களுக்கு மேப்பிளின் வெறுமை வசதி.

கடையில் கியூவை மேசைமேல் உருட்டிப் பார்த்து நேரா என்று தீர்ப்பளிப்பதும் தவறு. பின்முனையில் ஒரு பக்கம் தட்டையாகச் செதுக்கப்பட்டிருப்பதால் நேரான கியூவும் தத்தி உருளும். கண்ணருகே வைத்து நீளவாக்கில் பார்த்து, மெல்லத் திருப்பிப் பார்ப்பதே நம்பத்தக்கது. வாங்கிய பிறகு அதைச் சுவரில் சாய்த்து வைப்பதும், வெயிலில் மூடிய வண்டிக்குள் விடுவதும் எவ்வளவு நல்ல மரத்தையும் வளைத்துவிடும். டிப் மாற்றுவதாக இருந்தால் போட்டிக்கு முந்தின நாள் வேண்டாம். புதிய டிப் அடிபட்டு இறுகி, வட்டமாகத் தேய்ந்து நிலைபெறச் சில ஆட்டங்களாவது ஆகும், அதுவரை அதன் தொடுகை நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கும்.