24 வீட்டுக்கு ஒரு கணக்கு நோட்டு: அபார்ட்மென்ட் சங்கம் நடத்தும் முறை

அபார்ட்மென்ட்டில் வீடு வாங்கியவர்கள் முதலில் பத்திரத்தை எடுத்து, யூடிஎஸ் எத்தனை சதுர அடி என்று பாருங்கள். நிலத்தில் பிரிபடாத பங்கு என்று எழுதியிருக்கும். என் பத்திரத்தில் 412. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக, கோயமுத்தூரில் எனக்கு இருக்கும் நிலம் ஒரு சென்ட்டுக்கும் குறைவு, அதுவும் எந்த மூலையில் இருக்கிறது என்று கை காட்ட முடியாது. அன்னூர்ப் பக்கம் எங்கப்பாவுக்குக் கிணற்றில் கால் பங்கு இருந்தது. அதிலும் இதே கதைதான். எந்தத் தண்ணீர் யாருடையது என்று சொல்ல முடியாது. நாலு பங்காளிகள் முறை வைத்து இறைத்தார்கள், மோட்டார் காயில் எரிந்தால் செலவை நாலாகப் பிரித்தார்கள், வருசத்துக்கு ஒரு தடவை சண்டை போட்டார்கள்.

சாயிபாபா காலனிப் பக்கம் 24 வீடுள்ள எங்கள் கட்டடத்துக்கு நான் இரண்டாவது முறையாகப் பொருளாளர். அதற்கு முன்னால் நூல் மில் ஆபீசில் கணக்கு எழுதினேன். நடுவில் ஒன்பது வருசம் வீட்டுக்காரர் வேலைக்காக மும்பை முலுண்டில் இருந்தோம். அங்கே கட்டடம் என்றாலே சொசைட்டிதான், 1960-ஆம் வருசத்து மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிந்தது. வீடு வாங்கியவர்கள் கையில் ஷேர் சர்டிபிகேட் இருக்கும். வீடு கை மாறினால் அதில் பெயர் மாற்றித் தருவார்கள், அதற்கு வாங்கும் பணத்துக்கு 25,000 ரூபாய் உச்சவரம்பு. வாடகைக்கு விட்டால் சேவைக் கட்டணத்தில் 10 சதவீதம் வரை கூடுதலாகக் கேட்கலாம். நம்ம ஊரில் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் என்றால் கடனும் மனையும்தான் ஞாபகம் வரும். இங்கே நிலத்தின் பங்கு நேராக உங்கள் பெயரிலேயே பத்திரமாகிவிடுகிறது, சங்கம் பொதுக் காரியங்களைப் பார்த்துக்கொள்ள மட்டும். மும்பையில் இருந்துவிட்டு வந்தவர்கள் அந்த ஊர் விதியை இங்கே சொன்னால், நம் சங்கம் எழுதிவைத்த துணைவிதியில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். எல்லா வீட்டுப் பத்திர நகலையும் வாங்கி யூடிஎஸ்ஸைக் கூட்டுங்கள். மனையின் மொத்தப் பரப்பு வர வேண்டும். எங்களுக்கு 260 சதுர அடி உதைத்தது. பில்டர் அதைத் தன் பேரிலேயே வைத்திருந்தார். நாளைக்கு மேலே இன்னொரு மாடி எழுப்ப அந்தப் பங்கு அவருக்கு ஒரு பிடி. கேட்ட பிறகும் எட்டு மாதம் இழுத்துத்தான் எழுதிக் கொடுத்தார். 24 பேரும் நகல் கொடுக்க மூன்று மாதம் ஆனது தனிக்கதை. பத்திரத்தைக் காட்டினால் சொத்தே போய்விடும் என்று நினைக்கிறவர்கள் நம்மில் நிறைய.

பதிவு பெரிய வேலை இல்லை. எங்கள் சங்கம் 1975-ஆம் வருசத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்தது. ஏழு பேர் கையெழுத்து, துணைவிதிகள், மாவட்டப் பதிவாளர் அலுவலகம். செயற்குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது, பதவிக் காலம் மூன்று வருசத்தைத் தாண்டக் கூடாது. இப்போது 1994-ஆம் வருசத்துச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2022-இல் புதிய அடுக்குமாடி உரிமைச் சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள், 2024-இல் அதற்கு விதிகளும் வந்துவிட்டன. புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதன்படி எந்தப் படிவம் என்று பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பிறகு எழுதுங்கள். பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட ஒவ்வொருவர் காலிலும் விழ வேண்டியதில்லை, மூன்றில் இரண்டு பங்குப் பேர் சம்மதித்தால் போதும் என்பதும் அந்தச் சட்டத்தில்தான் வருகிறது.

பில்டரிடமிருந்து சாவியோடு காகிதத்தையும் வாங்குங்கள். அனுமதி பெற்ற வரைபடம், கட்டட நிறைவுச் சான்று, லிஃப்ட் லைசென்ஸ், மோட்டார் வாரன்ட்டி, பொது ஈபி இணைப்பின் காகிதம், கார்ப்பஸ் என்று எல்லோரிடமும் முதலில் வாங்கிய மொத்தப் பணத்தின் கணக்கு. எல்லாவற்றையும் விட முக்கியம், தண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் போகிற வழியைக் காட்டும் படம். அது இல்லாமல் போனால் ஒவ்வொரு அடைப்புக்கும் பிளம்பர் வந்து மூன்று டைல்ஸ் உடைப்பார், நாலாவதில்தான் குழாய் இருக்கும்.

ஒரு தப்பை நான் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். குடிவந்த இரண்டாம் வருசம் மொட்டைமாடி ஒழுக ஆரம்பித்தது. பில்டருக்குப் போன் போட்டேன். "ஆள் அனுப்பறனுங்க மேடம்" என்றார். மறுபடியும் போட்டேன், மறுபடியும் ஆள் அனுப்பறேன் என்றார். மூன்று ஐப்பசி இப்படியே போனது. ரேரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருசத்துக்குள் கட்டுமானக் குறையைச் சொன்னால் 30 நாளில் சொந்தச் செலவில் சரிசெய்து தர வேண்டும். ஆனால் நாங்கள் சொன்னதற்கு என்ன அத்தாட்சி? கடைசியில் வக்கீல் ஒருவர் சொல்லி, நாலே முக்கால் வருசத்தில், போட்டோவும் தேதியும் வைத்துப் பதிவுத் தபால் அனுப்பினோம். ஒப்புகை அட்டை திரும்பி வந்த வாரமே ஆள் வந்துவிட்டார்.

இனித் தண்ணீர். எங்கள் கட்டடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சம்ப், அதாவது தரைக்குள் தொட்டி, ஒன்று சிறுவாணிக் குடிதண்ணிக்கு, ஒன்று போர்வெல் உப்புத் தண்ணிக்கு. நடுவில் ஒரே சுவர். போன வருசம் மாசி மாதம், இரண்டாம் மாடி அக்கா ஒரு கிண்ணத்தில் பருப்பைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "ஏனுங்க அம்மிணி, ஆறு விசில் விட்டேன், இதைப் பாருங்க." எடுத்து நசுக்கினேன். துவரம்பருப்பு முழுசு முழுசாக நின்றது. கடைக்காரர் மேல் பழி போட்டு வேறு கடையில் வாங்கச் சொன்னேன். அடுத்த நாள் இன்னொரு வீட்டில் அதே புகார். மூன்றாம் நாள் எங்கள் வீட்டிலேயே வேகவில்லை. அப்புறம்தான் புத்தி வந்தது. சிறுவாணிக் குழாயில் ஒரு மக் பிடித்துச் சோப்புப் போட்டால் நுரை வரவில்லை, தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாக ஒதுங்கியது. இரண்டு சம்ப்பையும் இறைத்துப் பார்த்தோம். நடுச்சுவரில் கை விரல் நுழையாத ஒரு விரிசல். உப்புத் தண்ணி சம்ப்பில் மட்டம் ஏறும்போதெல்லாம் அந்த வழியாக இந்தப் பக்கம் கசிந்திருக்கிறது. பூசி, வாட்டர் புரூஃப் அடித்து, இரண்டு நாள் காயவிட்டு நிரப்பினோம். ஆகவே சம்ப்பை ஆறு மாதத்துக்கு ஒரு முறை காலியாக்கிக் கழுவும்போது, இறங்குகிற ஆளிடம் டார்ச் கொடுத்து நடுச்சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து காற்றாட விட்ட பிறகே இறக்குங்கள், மேலே ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். இனிக் கட்டப்போகிறவர்கள் இரண்டு சம்ப்புக்கும் நடுவில் இடம் விட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

வசூலுக்கு வருகிறேன். மாதம் வீட்டுக்கு 2,000, மொத்தம் 48,000. இரண்டு வாட்ச்மேனுக்கு 26,000, கூட்டிப் பெருக்க 6,000, பொது ஈபி ஏறக்குறைய 7,500, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு 3,500. மீதி ஐயாயிரம் சொச்சத்தில்தான் மோட்டாரும் சித்திரை மாதத்து லாரித் தண்ணியும். பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் கட்டடங்களுக்குப் பொது ஈபியில் 2023-இல் சலுகை வந்தது, நீங்கள் அதில் வந்தால் கேட்டு வாங்குங்கள். ஆளுக்கு மாதம் 7,500 ரூபாய்க்கு உட்பட்ட வசூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அந்தப் பயம் வேண்டாம்.

சமமாகப் பிரிப்பதா, சதுர அடிக் கணக்கா? எல்லாக் கட்டடத்திலும் இந்தச் சண்டை உண்டு. என் முடிவு இது: வாட்ச்மேன், பெருக்குதல், தண்ணீர் எல்லோருக்கும் சமம், பெயின்ட்டும் லிஃப்ட் மாற்றுவதும் யூடிஎஸ் கணக்கில். முதல் மாடிக்காரர் லிஃப்ட்டில் ஏறுவதில்லை என்பார். கேஸ் சிலிண்டர் எதில் ஏறியது என்று கேளுங்கள், போதும்.

பூட்டிக் கிடக்கும் வீடுதான் தலைவலி. "அங்க யாருமே இல்லீங்களே, எதுக்குங்க மெயின்டனன்ஸ்?" என்று பெங்களூரிலிருந்து ஒருவர் போனில் கேட்டார். "உங்க வீட்டுக்குத் திருடன் வராம இருக்கறதுக்குங்க" என்றேன். ஒரு தடவை பாக்கி வைத்தவர் வீட்டுத் தண்ணீரை மூடிப் பார்த்தோம். வீட்டில் வயசான அம்மா இருந்தார், மாலைக்குள் நானே போய்த் திறந்துவிட்டேன். அந்த வழி வேண்டாம், சட்டத்திலும் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேராகப் போங்கள், கையில் அவர் பாக்கி மட்டும் எழுதிய தாள் இருக்கட்டும். காப்பி கொடுத்தால் குடியுங்கள். வாடகைக்காரரைக் கேட்காதீர்கள், பாக்கி ஓனருடையது.

கணக்கு மாதம் ஐந்தாம் தேதி நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும். வரவு, செலவு, யார் பாக்கி, வங்கியில் இருப்பு, ஒரே தாளில். செக்குக்கு இரண்டு கையெழுத்து. கையில் ரொக்கம் 2,000-க்கு மேல் வேண்டாம். நூறு ரூபாய் வாஷருக்கும் வவுச்சர் எழுதுங்கள். எங்கப்பா தோட்டத்து மோட்டார் ரூம் கதவின் உள்பக்கம் கரியில் நாலு கோடு இழுத்து, யார் என்ன கொடுத்தார்கள் என்று எழுதி வைப்பார். சண்டை வரும்போதெல்லாம் பங்காளிகள் அந்தக் கதவைத்தான் போய்ப் பார்த்தார்கள்.

பொதுக்குழுவை ஆடி மாத ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தத்துக்குப் போனவர்களை எண்ணிவிட்டு, கோரம், அதாவது கூட்டத்துக்குத் தேவையான ஆள், இல்லை என்று எழுதிக் கலைந்த கூட்டம் எங்களுக்கு இரண்டு. மார்ச்சில் கணக்கு முடித்தால் ஆறு மாதத்துக்குள் கூட்டம் வைக்க வேண்டும், ஆடி அதற்குள் வந்துவிடும். பதினொரு மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடியுங்கள், போண்டாவைக் கடைசியில் கொடுங்கள்.

பொறுப்பை அடுத்தவரிடம் கொடுக்கும்போது நோட்டையும் பாஸ்புக்கையும் கொடுத்துவிட்டு, அவரை அழைத்துப் போய் வால்வுகளைக் காட்டுங்கள். நான் சிறுவாணி வால்வுக்கு நீலமும் போர் வால்வுக்குச் சிவப்பும் அடித்து வைத்திருக்கிறேன். டப்பாவில் மிச்சப் பெயின்ட் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது.