வீட்டில் டிஜிட்டல் ஸ்லாட் கார் பந்தயம்: முதல் தடம் போடுபவர்களுக்கு

ஸ்லாட் கார் என்பது தடத்தில் ஓடும் பள்ளத்துக்குள் தன் வழிகாட்டிப் பட்டையை நுழைத்துக்கொண்டு, பள்ளத்தின் இருபுறமும் பதித்திருக்கும் உலோகத் தண்டவாளங்களிலிருந்து மின்சாரம் பெற்று ஓடுகிற சிறிய கார். அனலாக் முறையில் ஒரு பள்ளத்துக்கு ஒரு கார்தான். கையிலிருக்கும் கன்ட்ரோலர் அந்தப் பள்ளத்துக்குச் செல்லும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதால், அங்கே எந்தக் காரை வைத்தாலும் அதே கட்டளைக்குத்தான் ஓடும். டிஜிட்டல் முறையில் தடம் முழுவதும் மின்சாரம் எப்போதும் இருக்கிறது. கன்ட்ரோலரின் கட்டளைகள் அந்த மின்சாரத்தோடு சேர்ந்தே பயணிக்க, காருக்குள் இருக்கும் சிப் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் பிரித்தெடுத்து மோட்டாரை இயக்குகிறது. ஆகவே இரண்டே பள்ளங்களில் ஆறு கார்கள் வரை ஓடலாம். அதைவிட முக்கியமாக, ஓட்டுபவர் நினைத்தபோது பக்கத்துப் பள்ளத்துக்கு மாறி முன்னால் இருப்பவரை முந்தலாம். தடத்தை அமைப்பது முதல் வீட்டுக்குள் விதிகள் வகுப்பது வரை எல்லா முடிவுகளையும் இந்த முந்துதலை மனத்தில் வைத்தே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் எந்த நிறுவனத்தின் அமைப்பு என்று தீர்மானிக்க வேண்டும், ஏனெனில் பிறகு மாறுவது செலவு பிடிக்கும் வேலை. 1957-இல் பிரிட்டனில் அறிமுகமான ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கும், 1963-இல் ஜெர்மனியில் தொடங்கிய கரேராவும் பரவலாகக் கிடைப்பவை. இரண்டின் தடத்துண்டுகளும் நேரடியாகப் பொருந்தா. ஒன்றின் சிப் மற்றொன்றின் கட்டளையைப் புரிந்துகொள்ளாது. கரேராவின் தடம் அகலமானது. 1:32 அளவுக் கார்களோடு (அதாவது நிஜக் காரின் நீளத்தில் 32-இல் ஒரு பங்கு), பெரிய 1:24 கார்களும் அதே தடத்தில் ஓடும். ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கின் தடம் ஒடுக்கமானது என்பதால் சிறிய அறையிலும் சுற்று நீளமாக அமையும். அதன் அனலாக் கார்களில் பலவற்றில் சிறு தட்டைக் கழற்றி டிஜிட்டல் சிப்பைப் பொருத்திக்கொள்ளும் வசதியும் உண்டு. ஒரு எச்சரிக்கை: கைபேசிச் செயலியோடு வருகிற எல்லாப் பெட்டியும் டிஜிட்டல் அல்ல. ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கில் ஆர்க் ப்ரோ டிஜிட்டல். ஆர்க் ஒன், ஆர்க் ஏர் இரண்டும் அனலாக். பெட்டிக்குள் தடம் மாற்றும் துண்டு, அதாவது காரை ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்குத் திருப்பிவிடும் தடத்துண்டு, இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் குழப்பமில்லை.

பெட்டியில் வருகிற இரண்டு கார்களே தொடக்கத்துக்குப் போதும். கூடுதல் பணம் இருந்தால் மூன்றாவது காருக்குப் பதில் தடம் மாற்றும் துண்டுகளையும் சில நேர்த்துண்டுகளையும் வாங்குவதே நல்லது. ஒரேயொரு மாற்றுத்துண்டு உள்ள சுற்றில் நான்கு கார்களை விட்டால் அது வரிசையில் நிற்பது போலத்தான் இருக்கும்.

மாற்றுத்துண்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதை எங்கே வைப்பது என்பதும் விளங்கிவிடும். காரின் அடியில் உள்ள சிறு அகச்சிவப்பு விளக்கு தொடர்ந்து சைகை அனுப்பிக்கொண்டிருக்கிறது. துண்டின் நுழைவில் இருக்கும் உணரி அதைப் படிக்கிறது. ஓட்டுபவர் பொத்தானை அழுத்தியிருந்தால், பள்ளம் பிரியும் இடத்திலுள்ள சிறிய நாக்கு நகர்ந்து காரை அடுத்த பள்ளத்துக்குத் திருப்பிவிடுகிறது. எனவே உணரியைக் கடக்கும் முன்பே பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். துண்டின் மேல் வந்தபின் அழுத்துவதால் பயனில்லை. துண்டுக்கு ஒரு திசை உண்டு, அம்புக்குறியைப் பார்த்து வைக்க வேண்டும். வளைவிலிருந்து வெளியேறி நேர்ப்பகுதி தொடங்கும் இடமே இதற்குச் சிறந்தது: கார் இன்னும் முழுவேகம் எடுத்திருக்காது, மாறியபின் முந்துவதற்கு நீளமும் கிடைக்கும். கூர்மையான வளைவுக்குச் சற்று முன்னால் வைத்தால், வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் கார்கள் குறுக்கே புகுந்து மோதிக்கொள்ளும்.

அனலாக் தடத்தில் இரண்டு பள்ளங்களின் நீளத்தையும் சமமாக்கப் பாடுபடுவார்கள். டிஜிட்டலில் அந்தக் கவலை வேண்டாம். உள்பக்கப் பள்ளம் குட்டையாக இருந்தால்தான் அதைப் பிடிக்க எல்லோரும் முயல்வார்கள், பந்தயமும் சூடுபிடிக்கும். முதல் சுற்றைச் சுமார் 1.2 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் நீளமும் கொண்ட பலகையில் அடக்கலாம். ஒரு நீண்ட நேர்ப்பகுதி, ஒரு விரிந்த வளைவு, ஒரு கூர்மையான வளைவு, இரண்டு மாற்றுத்துண்டுகள் என்றிருந்தால் அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. வளைவின் வெளிப்புறத்தில் ஓரத்துண்டு பொருத்தாவிட்டால், சறுக்கும் காரின் பின்சக்கரம் தடத்தை விட்டு இறங்கிவிடும்.

கம்பளத்தின் மேல் தடம் போட வேண்டாம்; அதன் நூலிழைகள் அச்சிலும் பற்சக்கரத்திலும் சுற்றிக்கொள்ளும். சமமான தரை அல்லது பலகையில் துண்டுகளை இடைவெளியின்றி அழுத்திச் சேர்க்க வேண்டும். தடத்தின் ஒரே இடத்தில் எல்லாக் கார்களும் மந்தமாகின்றன என்றால் குறை கார்களில் இல்லை. அருகிலுள்ள இணைப்பு ஏதோ தளர்ந்திருக்கிறது. சுற்று மிக நீளமானால் தொலைவில் மின்னழுத்தம் குறையும்; அதற்கு அந்தந்த நிறுவனத்தின் கூடுதல் மின்னிணைப்பு வடத்தைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது. ஓடுவதற்கு முன் தண்டவாளங்களை நூல் பிரியாத உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும்.

காரைத் திருப்பிப் பார்த்தால் வழிகாட்டிப் பட்டையின் இருபுறமும் செம்பு நிறத்தில் இரண்டு பின்னல் பட்டைகள் தெரியும். மின்சாரம் இவற்றின் வழியாகத்தான் ஏறுகிறது. தொடக்கத்தில் வருகிற கோளாறுகளில் பெரும்பகுதியும் இவற்றில்தான். அவை தட்டையாகவும், நுனி சற்றே விசிறி போல விரிந்தும், தண்டவாளத்தை இலேசாகத் தொடும்படியும் இருக்க வேண்டும். கீழ்நோக்கி அதிகம் வளைத்தால் வழிகாட்டிப் பட்டை பள்ளத்திலிருந்து மேலெழும்பி, வளைவில் கார் வெளியேறும். இரண்டு பட்டைகளின் இழைகளும் ஒன்றையொன்று தொட்டால் மின்சுற்று குறுக்காகிவிடும். கார் மாற்றுத்துண்டை மதிக்கவில்லை என்றால் அடியில் உள்ள விளக்கில் தூசி படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்சக்கர ரப்பரை ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தில் உருட்டி எடுத்தால் பிடிமானம் திரும்பிவிடும். அடியில் இருக்கும் காந்தம் காரைத் தண்டவாளத்தோடு இழுத்துப் பிடிக்கிறது. அதைக் கழற்றினால் கார் அழகாகச் சறுக்கும் என்று அனுபவசாலிகள் சொல்வது உண்மைதான், ஆனால் கை பழகும்வரை அது இருக்கட்டும்.

காருக்கு எண் கொடுக்கும்போது தடத்தில் அந்த ஒரு கார் மட்டும் இருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டு கார்கள் ஒரே எண்ணை ஏற்று ஒரே விசைக்கு ஓடக்கூடும். அழுத்த வேண்டிய பொத்தான்களின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அமைப்பில் அதிகபட்ச வேகத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் முதல் நாட்களில் அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம், சிறுவர்களுக்கு மட்டுமல்ல. ஒவ்வொருவரும் தனியாகச் சில சுற்றுகள் ஓட்டி, வளைவுக்கு முன்பே விசையை விட்டு, வெளியேறும்போது மெல்ல அழுத்தப் பழகியபின் இருவராக ஓட்டலாம். தனியாகப் பயில்பவர்களுக்குத் தானாக ஓடும் கார் ஒன்றை அமைத்துக்கொள்வது உதவும். அதை முந்திப் பழகினால் பொத்தானை அழுத்தும் நேரம் கைக்கு வந்துவிடும்.

பலர் சேர்ந்து ஓட்டும்போது மூன்று விதிகளை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது. குறுக்கே மாறுபவர் மோதினால் பொறுப்பு அவருடையது. அவர் நின்று, மோதப்பட்டவர் முன்னே செல்ல வழிவிட வேண்டும். தடத்தை விட்டு வெளியேறிய காரை வெளியேறிய இடத்திலேயே, மற்ற கார்கள் கடந்தபின் வைக்க வேண்டும். ஓட்டாதவர் ஒருவர் கார் எடுத்து வைக்கும் பணியை ஏற்றால் ஓட்டுபவர்கள் இடத்தை விட்டு ஓட வேண்டியதில்லை. எரிபொருள் தீர்வது போன்ற கணக்குகளும், அதை நிரப்பக் காரை நிறுத்தும் பிட் நிறுத்தங்களும் பல அமைப்புகளில் உண்டு. ஒரு சுற்றுக்குள் தடுமாறாமல் தடம் மாறி முந்த முடிகிற நிலை வந்தபின் அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.