கார்பன் ஃபைபரும் உலோகமும் சேரும் இடத்தில் நடக்கும் தவறுகள்

எடையைக் குறைப்பதற்காக ஒரே காரில் கார்பன் ஃபைபர் (கார்பன் இழைகளை அடுக்கடுக்காகப் பிசினில் இறுக்கிய பொருள்), அலுமினியம், எஃகு எல்லாம் வருவது இப்போது சகஜம். பாகங்களைப் பார்த்துப் பார்த்து வடிவமைத்துவிட்டு, எப்படி இணைப்பது என்பதைக் கடைசியில் யோசிப்பதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

எஃகில் பழகிய கை போல்ட்டைத் தேடும். கார்பன் ஃபைபரில் துளை போட்டால் சுமை தாங்கும் இழைகளே அறுபடுகின்றன. மழுங்கிய டிரில் பிட்டை, பின்னால் முட்டுக் கொடுக்காமல் அழுத்தினால் நிலைமை இன்னும் மோசம். மேலே துளை சுத்தமாகத் தெரியும். திருப்பிப் பார்த்தால் கடைசி அடுக்கு பிய்ந்து நிற்கும்.

சரி, பசை போடலாம் என்றால், அங்கே கெடுப்பது அவசரம். பாகத்தை வார்க்கும் அச்சிலிருந்து அது சுலபமாகக் கழன்று வரப் பூசிய மெழுகு கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். துடைத்து, லேசாகத் தேய்த்த பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். படலமாகப் படர்ந்தால் நல்லது. தாமரை இலையில் போலத் திரண்டு உருண்டால் மறுபடி சுத்தம் செய்யத்தான் வேண்டும். அப்புறம் ஈரம் போக நன்றாக உலர்த்துங்கள். இறுக்கிப் பிடித்தால் நன்றாக ஒட்டும் என்று நினைத்துப் பசையையெல்லாம் பிதுக்கி வெளியேற்றிவிடாதீர்கள். பசை, நழுவச் செய்யும் விசையை நன்றாகத் தாங்கும். ஓரத்திலிருந்து உரித்தால் தாங்காது. 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸ் காரின் அலுமினியச் சட்டத்தைப் பசையால் ஒட்டியவர்கள், உரிதலைத் தடுக்க ஸ்க்ரூவும் போட்டார்கள்.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு, கார்பன் ஃபைபர் பேனலில் அலுமினிய ரிவெட் அடிப்பது. கார்பன் மின்சாரம் கடத்தும். உப்பு கலந்த ஈரம் பட்டால் அந்த இடமே ஒரு பேட்டரியாகி, அலுமினியம் அரிக்கப்படும். பரந்த கார்பனுக்கு எதிரே ரிவெட் சின்னது என்பதால் சீக்கிரமே கரையும். டைட்டானியம் இணைப்பான் போடுங்கள். அலுமினியப் பாகத்தோடு சேரும் இடத்தில் நடுவே மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழை அடுக்கு வையுங்கள்.

வெப்பத்தையும் மறந்துவிடுகிறார்கள். 100 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஒரு மீட்டர் அலுமினியம் சுமார் 2.3 மில்லிமீட்டர் நீளும், எஃகு 1.2, கார்பன் ஃபைபர் இழையின் திசையில் கிட்டத்தட்ட நீளவே நீளாது. பெயின்ட்டைக் காயவைக்கும் அடுப்பின் சூட்டில், நீண்டிருக்கும் நிலையிலேயே பசை இறுகிவிட்டால், ஆறும்போது அலுமினியம் சுருங்கி இணைப்பை இழுக்கும். 2013-இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 காரில் கார்பன் ஃபைபர் கூட்டுக்கு வெளியே வரும் பிளாஸ்டிக் பேனல்களைத் தனியாகப் பெயின்ட் அடித்துத்தான் மாட்டினார்கள்; கூடு அந்த அடுப்புக்குள் போக வேண்டியதே இல்லை.