மாஸ்கிங் போடாத ஆடியோகிராம்: கேட்கும் திறன் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருடமும் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் மாறுகிறார்கள். தவறுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன, எங்கள் செட் செய்த அதே தவறுகள். சிவப்பு ஹெட்போனை இடது காதில் மாட்டுவது, காதுக்குள் பார்க்காமலேயே சோதனையைத் தொடங்குவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு முறை திட்டு வாங்கினால் அவை தானாகச் சரியாகிவிடும்.

மாஸ்கிங் போடாமல் சார்ட்டை முடிப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். மாஸ்கிங் என்றால், ஒரு காதைச் சோதிக்கும்போது மறு காது குறுக்கே பதில் சொல்லாதபடி அதில் இரைச்சல் கொடுப்பது.

வலது காது கேட்கவில்லை என்று ஒரு பெண் வந்தார். வேறொரு இடத்தில் எடுத்த ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறன் சார்ட், கையில் இருந்தது. ஹெட்போன் வழியாக வலது காதுக்கு 55 டெசிபெல்லில்தான் கேட்கத் தொடங்கியிருக்கிறது; நடுக்காதைத் தாண்டி நேரே உள்காதுக்குப் போகும் எலும்பு வழியாக 5 டெசிபெல்லிலேயே. பார்த்தால் பாடப்புத்தகத்தில் அச்சடித்த மாதிரி நடுக்காதுப் பிரச்சினை. 'ஆபரேஷன் பண்ணினால் கேட்டுவிடும்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சங்கிலியை அடகு வைத்துப் பணமும் புரட்டிவிட்டார். சார்ட்டில் மாஸ்கிங் குறியீடு ஒன்றுகூட இல்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு போன் வந்தது. வலது கையில் எடுத்து, இடது காதுக்கு மாற்றிப் பேசினார்.

512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்தேன். எந்தப் பக்கம் கேட்கிறது என்றால், இடது பக்கம் என்றார். வலது நடுக்காதில்தான் கோளாறு என்றால் சத்தம் வலது பக்கம் ஒதுங்கியிருக்க வேண்டும். சார்ட் ஒன்று சொல்கிறது, இசைக்கவை வேறொன்று சொல்கிறது. அடுத்து, இடது காதில் மாஸ்கிங் இரைச்சலைக் கொடுத்து, வலது காதுக்கு மறுபடி பீப் கொடுத்தோம். 55 போனது, 70 போனது, 90 போனது. பட்டன் மேல் இருந்த கட்டைவிரல் அசையவே இல்லை. எலும்பு வழியிலும் அதே கதை. வலது காது முழுக்கச் செத்துப்போன காது. விசாரித்ததில், சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது என்றார். அது ஒரு பக்கக் காதை மட்டும் இப்படிக் காலி செய்துவிட்டுப் போவது உண்டு. நடுக்காதில் என்ன ஆபரேஷன் செய்தாலும் அந்தக் காது கேட்கப்போவதில்லை.

அப்படியென்றால் அந்த 55 எங்கிருந்து வந்தது? இதற்குக் காதின் அமைப்பு தெரிய வேண்டும். சத்தம் செவிப்பறையில் மோதி, சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று எலும்புகள் வழியாக, உள்காதில் நத்தைச் சுருள் போலிருக்கும் காக்ளியாவுக்குப் போகிறது. ஆனால் இரண்டு காக்ளியாவும் ஒரே மண்டையோட்டுக்குள்தான் பதிந்திருக்கின்றன. சாதாரண ஹெட்போனில் சுமார் 40 டெசிபெல்லைத் தாண்டினாலே எலும்பு அதிர்ந்து, மறுபக்கக் காக்ளியா அந்தச் சத்தத்தைப் பிடித்துவிடலாம். எலும்பு அதிர்வியை வைத்தால் கேட்கவே வேண்டாம். எந்தப் பக்கம் வைத்தாலும் இரண்டு காக்ளியாவுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் போய்ச் சேரும். ஆக, வலது காது என்று குறித்த புள்ளிகள் அத்தனையும் இடது காது கொடுத்த பதில்கள்.

விதி சின்னதுதான். சோதிக்கும் காதின் ஹெட்போன் அளவுக்கும் மறு காதின் எலும்பு அளவுக்கும் 40 டெசிபெல் அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் மாஸ்கிங் போடுங்கள். ஒரே காதில் இரண்டு அளவுகளுக்கும் இடையே 10 டெசிபெல்லுக்கு மேல் இடைவெளி வந்தால், எலும்பு வழிச் சோதனைக்கும் போடுங்கள். இரைச்சலைப் படிப்படியாக ஏற்றும்போது பீப் கேட்கும் அளவு மாறாமல் நின்றால், அதுதான் அந்தக் காதின் உண்மையான அளவு.

"வெளியே கூட்டம் நிக்குது மேம்" என்பார்கள். நிற்கட்டும். "சர்ருன்னு ஒரு சத்தம் வரும், அதை விட்டுடுங்க, பீப் கேட்டா மட்டும் அழுத்துங்க" என்று நோயாளியிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சந்தேகமாக இருந்தால், எந்தக் காதில் கேட்டது என்று அவரிடமே கேளுங்கள். நம்மில் பாதிப் பேர் இதைக் கேட்பதே இல்லை.

டெசிபெல்லைச் சதவீதமாகச் சொல்வது

'40 டெசிபெல், அதாவது 40 சதவீதம் கேட்கவில்லை' என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள். டெசிபெல் மடக்கை அளவு. 20 டெசிபெல் கூடினால் ஒலி அழுத்தம் 10 மடங்கு, 40 கூடினால் 100 மடங்கு. அப்புறம், சார்ட்டில் உள்ள 0 நிசப்தம் ஆகாது. காது நன்றாக இருக்கும் இளவயதுக்காரர்களுக்குச் சராசரியாகக் கேட்கத் தொடங்கும் இடம் அது. சிலருக்கு அதற்கும் கீழே -10 வரை கேட்கும்.

காக்ளியாவைத் தலைகீழாகப் படிப்பது

நத்தைச் சுருள் உள்ளே போகப் போகக் குறுகுவதால், கீச்சுச் சத்தம் உள்முனையில் பதிவாகும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நேர் எதிர். அங்கவடி எலும்பு வந்து மோதும் வாசல் பக்கம்தான் உயர் அதிர்வெண்களுக்கு, உள்முனை தாழ்ந்தவற்றுக்கு. வயதாகும்போது வாசல் பக்கம் முதலில் தேய்கிறது. அதனால்தான் "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்று தாத்தாக்கள் சொல்கிறார்கள். ஸ, ஷ போன்ற ஒலிகள் உயர் அதிர்வெண்ணில் இருக்கின்றன. வீட்டில் இருப்பவர்கள் 'வேணும்னே நடிக்கிறார்' என்றால் இதை விளக்கிச் சொல்லுங்கள்.

குழந்தையின் காதைப் பெரியவர் காதைப் போல இழுப்பது

காதுக்குள் பார்க்கும்போது காதுமடலை இழுக்க வேண்டிய திசை, பெரியவருக்கு மேலேயும் பின்னாலும். கைக்குழந்தைக்குக் கீழேயும் பின்னாலும்.

கை தெரியும்படி உட்கார வைப்பது

நோயாளி உங்கள் கையைப் பார்த்தே பட்டனை அழுத்துவார். நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள்.

வயதானவர்களின் காதுக்குழாயை மறப்பது

வயதானவர்களுக்குக் குருத்தெலும்பு தளர்ந்திருக்கும். ஹெட்போன் அழுத்தியதும் காதுக்குழாய் ஒட்டி மூடிக்கொள்ளும். உண்மையில் இல்லாத நடுக்காதுக் கோளாறு ஒன்று, உயர் அதிர்வெண்களில் மட்டும், சார்ட்டில் முளைக்கும். காதுக்குள் செருகும் இன்சர்ட் இயர்போனுக்கு மாறினால் அந்தப் பொய்க் கோளாறு மறைந்துவிடும். அது இல்லாத இடத்தில், காதுமடலுக்குப் பின்னால் மடித்த துணியை வைத்து ஹெட்போனை மாட்டி, இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.